முதுகுல தூளி, உக்கார இடம் இல்ல

நேத்து ராத்திரி ஒரு தம்பி ஒரு விளம்பர வீடியோவை அனுப்பி, "டாக்டர், இது முதுகுக்கு நல்லதா?"ன்னு கேட்டிருந்தார். முதுகுப் பை. அதுக்குள்ளேயே ஒரு ஹேமாக்கை மடிச்சு வச்சிருக்காங்க. ஜிப்பைத் திறந்து, பட்டையை ரெண்டு மரத்துல மாட்டினா படுத்துக்கலாம். நினைச்ச இடத்துல ஓய்வு எடுக்கலாமாம்.

தம்பிக்கு உடனே பதில் போட்டுட்டேன். அரை மணி நேரம் படுத்தா ஒண்ணும் ஆகாது, கழுத்துத் தேய்மானம் இருக்கிறவங்க ராத்திரி முழுக்க அதுல தூங்க வேண்டாம். அதோட விட்டிருக்கலாம். தூக்கம் வரல. அதனால இந்த நீள த்ரெட், கொஞ்சம் கோபத்தோட. பொறுத்துக்கோங்க.

நான் விருத்தாசலத்துக்காரன். எங்க ஊரை உங்களுக்கு பழமலைநாதர் கோயிலால தெரிஞ்சிருக்கும், இல்லன்னா ரயில் மாறின ஜங்ஷனா தெரிஞ்சிருக்கும். ஆனா உங்க வீட்டு மீட்டர் பெட்டியில இருந்த பீங்கான் ஃபியூஸ் கேரியர், கார்த்திகைக்கு ஏத்துற பீங்கான் அகல், கொலு பொம்மை, இதெல்லாம் எங்க ஊர் செராமிக் தொழிற்பேட்டையில இருந்து வந்ததா இருக்கலாம். பக்கத்துல நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு மேல கிடக்கிற களிமண் கைக்கெட்டுற தூரத்துல கிடைக்குது. பீங்கான் தொழில்நுட்பம் படிக்க அரசுப் பயிலகமே ஊர்ல இருக்கு.

ஹேமாக்கை நான் முதன்முதல்ல பார்த்ததும் அந்த மாதிரி ஒரு கொட்டகையிலதான். நம்ம பாஷையில தூளி. உத்தரத்துல கட்டின பழைய சேலை, உள்ள ஆறு மாசக் குழந்தை. கீழ அம்மா உக்காந்து, அச்சுல இருந்து எடுத்துக் காய வச்ச அகல்களோட பிசிறைத் தேய்ச்சிட்டு இருந்தாங்க. தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி தூள் எழும்பி தூளி வரைக்கும் போகுது. நடுநடுவே கால் கட்டைவிரலால கயிறை இழுத்து ஆட்டி விடுறாங்க. குழந்தை நல்லாத் தூங்குச்சு.

நான் அங்க குழந்தையைப் பார்க்கப் போகல. அந்தப் பட்டறையில கலவை அரைக்கிற இடத்துல பல வருஷம் நின்ன ஒரு அண்ணனைத் தேடிப் போனேன். இருமல், இளைப்பு. ரெண்டு தடவை டி.பி. மாத்திரை சாப்பிட்டு முடிச்சும் மூச்சு சரியாகல. என் ஓ.பி.க்கு வந்து அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "சார், மல்லாந்து படுக்க முடியல. செவுத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்குறேன்."

அதுவரைக்கும் அவர் என்ன வேலை பார்க்கிறார்னு சீட்டுல யாருமே எழுதல. எனக்கு முன்னாடி பார்த்தவங்களும் கேட்கல, முதல் ரெண்டு தடவை நானும் கேட்கல.

பீங்கான் கலவைன்னா களிமண் மட்டும் இல்ல. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸ் தூளும் சேரணும். குவார்ட்ஸ்னா சிலிக்கா. அதோட நுண்ணிய தூள் நுரையீரலோட அடி வரைக்கும் போய் அங்கேயே தங்கிடும். சுத்தி தழும்பு கட்டும். வேலையை விட்டாலும் அந்தத் தழும்பு பெருகலாம். அதுக்குப் பேரு சிலிக்கோசிஸ். அந்த நுரையீரல்ல டி.பி.யும் சுலபமா ஒட்டிக்கும். தழும்பைத் திருப்பி எடுக்க இன்னைக்கு வரைக்கும் மருந்து இல்ல. இந்தத் தூள் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே சொல்லிடுச்சு.

அவருக்கு நான் எழுதின சீட்டுல கடைசி வரி: "போதிய ஓய்வு எடுக்கவும்." எங்க எடுப்பார்? பட்டறையில உக்கார ஒரு பெஞ்ச் கிடையாது. வீட்டுலயோ படுத்தா மூச்சு முட்டுது. நானும் அந்த வரியை இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்னு கணக்கே இல்ல.

இப்ப அந்த விளம்பரத்தைத் திரும்பப் பாருங்க. ஓய்வுங்கிறது நீங்க கடையில வாங்கி, முதுகுல சுமந்து, போற இடத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போற சாமான்னு அது சொல்லுது. வாங்க முடியாதவங்களுக்கு ஓய்வு இல்ல. எனக்கு எரிச்சல் இங்கதான்.

ஏன்னா நம்ம ஊர்ல இது நேர் எதிரா இருந்துச்சு. சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கீங்களா? நட்டுக்குத்தலா ரெண்டு கல், மேல குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோட வர்றவங்க யார் உதவியும் இல்லாம இறக்கி வச்சு, மூச்சு வாங்கி, திரும்பத் தலைக்கு ஏத்திக்கிற உயரம். பல ஊர்கள்ல அது வயித்துப் பிள்ளையோட செத்துப் போன பொண்ணோட நினைவா நட்டது. அவ இறக்கி வைக்க முடியாமப் போன சுமைக்குப் பதிலா, வழியில போற யாரோ ஒருத்தர் சுமையை இறக்கி வைக்கட்டும்னு. பிரசவ மரணத்தைப் பத்தி நான் படிச்ச எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு ஆழமா யோசிச்சதில்ல. அந்தக் கல்லுக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்ல. ஆனா ஒண்ணு, திண்ணையும் சத்திரமும் எல்லா சாதிக்கும் திறந்திருந்துச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பழம்பெருமை பேச இந்த த்ரெட் எழுதல.

சட்டத்துக்கு வருவோம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 44ஆம் பிரிவு, நின்னு வேலை பார்க்கிற எல்லாருக்கும் உக்கார வசதி வேணும்னு எழுதுச்சு. ஓய்வறைக்கு 47ஆம் பிரிவு: 150 பேருக்கு மேல வேலை பார்த்தாத்தான் கட்டாயம். குழந்தைக் காப்பகத்துக்கு 48: 30 பெண்களுக்கு மேல இருக்கணும். நான் பார்த்த அந்தப் பட்டறையில மொத்தமே இருபது பேர் தேற மாட்டாங்க. அதனாலதான் காப்பகம் இருக்க வேண்டிய இடத்துல உத்தரத்துல சேலை தொங்குது. இப்ப பழைய சட்டங்களைச் சேர்த்துத் தொகுப்பா ஆக்கியாச்சு, எண்கள் மாறும். சின்னப் பட்டறை எப்பவும் எண்ணுக்குக் கீழதான் நிக்கும்.

கடைகளுக்குத் தனிச் சட்டம். கேரளாவுல ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, 2018ல உக்காரும் உரிமை வந்துச்சு. தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல அதே மாதிரி மசோதாவைக் கொண்டு வந்தவர் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன். எங்க பக்கத்துத் தொகுதி, திட்டக்குடிக்காரர். கட்சி பார்த்துப் பாராட்டல, நல்ல சட்டம், அதுக்காகச் சொல்றேன். பத்து மணி நேரம் அசையாம நின்னா கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேல பம்ப் பண்ணாது. நரம்பு சுருட்டிக்கும், கணுக்கால் வீங்கும், சிலருக்குப் புண்ணாகும். ஸ்டூல் ஒண்ணு போட்டா பாதி குறையும் இதுக்கு என் ஓ.பி.யில எத்தனை சேல்ஸ் பொண்ணுங்க மாத்திரை கேட்டு நிக்கிறாங்க தெரியுமா?

முதுகுல பெரிய பையோட அலையுற இன்னொரு கூட்டமும் இருக்கே. சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க. அவங்க பையில ஹேமாக் இல்ல, உங்க பிரியாணி இருக்கு. அவங்களுக்காக 2025ல சென்னை மாநகராட்சி அண்ணா நகர்ல ஏசி ஓய்வறை திறந்துச்சு. இன்றைய சுமைதாங்கின்னா எனக்கு அதுதான். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல அந்த மாதிரி ஒண்ணு கேட்டா சிரிக்கிறாங்க. வெப்ப அலையை மாநில பேரிடரா 2024ல தமிழக அரசே அறிவிச்சிருக்கு. வெயில்ல சுருண்டு விழுந்தவருக்கு முதல் சிகிச்சை, நிழல்ல படுக்க வச்சு உடம்பைக் குளிர்விக்கிறது. நிழலும் படுக்க இடமும் இல்லாத ஊர்ல அந்த முதலுதவியை எங்க வச்சுச் செய்றது?

"ஒரு பைக்கு இவ்வளவு பேச்சா"ன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். வாங்குறதுல குத்தமே இல்ல. தம்பி, நீங்களும் வாங்கிக்கோங்க. மாட்டுறதுக்கு ரெண்டு மரம் வேணும், அதை மட்டும் முதல்ல தேடி வச்சுக்கோங்க.

அடுத்த தடவை துணி எடுக்கப் போறப்ப கவுன்ட்டருக்குப் பின்னாடி கொஞ்சம் எட்டிப் பாருங்க. ஸ்டூல் இல்லன்னா, பில் போடுறப்ப முதலாளிகிட்டயே கேளுங்க, இவங்க எங்க உக்காருவாங்கன்னு.

எங்க ஊர்ல செராமிக் பட்டறை வச்சிருக்கிற நண்பர்களுக்கு: காஞ்ச தூளைத் துடைப்பத்தால கூட்டாதீங்க, ஈரத்துணியால துடைங்க. அரைக்கிற இடத்தைத் தனியாத் தடுங்க. தூளியைக் கொட்டகைக்கு வெளிய, காத்து வர்ற பக்கம் நிழல்ல கட்ட ஒரு கீத்துப் பந்தல் போடுங்க. கூடவே ரெண்டு பெஞ்ச். வேலைக்காரங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனை எடுக்கணும்னா இன்பாக்ஸ்ல வாங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கிறேன், காசு வேண்டாம்.