பழைய கைபேசி: பொறுப்பு யாருடையது?

தாராவியின் தையல் தொழிலாளிக்கும் செம்பூரின் உணவு விநியோகத் தொழிலாளிக்கும் இன்று கைபேசி ஒரு வேலைக்கருவி. புதியது வாங்க இயலாதோர் இணையத்தில் பழையதைத் தேடுகின்றனர். முந்தைய உடைமையாளரின் கணக்கு நீக்கப்படாவிடில், நினைவகத்தை முழுதும் அழித்தாலும் அக்கைபேசி திறவாது. திருட்டைத் தடுக்க 2013இல் ஆப்பிளும் 2015இல் கூகுளும் கொண்டுவந்த பூட்டு, ஏமாந்த ஏழையின் கூலியை விழுங்குகிறது. திருட்டுப் பொருளாயின் காவல்துறை விசாரணையும் சேரும்.

ஒன்றிய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்க்கலாம். ஆனால் அது கணக்குப் பூட்டைக் காட்டாது. எனவே விற்பவர் தம் கணக்கை நேரில் நீக்கிக் காட்டிய பின்பே பணம் தர வேண்டும்.

விழிப்புணர்வு மட்டும் போதாது. விற்பனையால் இலாபம் ஈட்டும் இணையதளங்களே இச்சோதனைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அதற்குச் சட்டம் தேவை.