இல்லமும் ஒளியும்

தென்காசியிற் புதிதாய் எழுந்த மனைகள் சிலவற்றைச் சென்று கண்டேன். வாயில் முதல் அடுக்களை ஈறாக உட்கூரைதோறும் எல்.இ.டி. விளக்குகள் பதிந்துள்ளன, நண்பகலிலும் அவற்றை ஏற்றினாலன்றி எழுத்துப் புலப்படவில்லை. அயல்மனைச் சுவரை நோக்கிச் சாளரம் வைத்தால் வேறென் செய்வது?

நம் முன்னோர் வீட்டின் நடுவே முற்றம் விட்டனர். நெல்லைப்புறத்தார் அதனைத் தொட்டிக்கட்டு என்பர். ரசிகமணி டி.கே.சி. அவர்களின் திருநெல்வேலி இல்லத்தில் தமிழன்பர் கூடிய வட்டத்தொட்டியும் அத்தகைய முற்றத்தாற் பெயர் பெற்றதே. ஆனி, ஆடியிற் குற்றாலச் சாரல் முற்றத்தின் வழியே உள்ளே வீசும் என்பது மெய். மாதர் அதனாற் படும் தொல்லையும் அறிவேன். அதற்காக முற்றத்தையே தூர்ப்பானேன்? மேலே கண்ணாடி வேய்ந்து, பக்கங்களிற் காற்றுக்கு வழிவிட்டு, சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தால், மேகம் கவிந்த நாளின் மங்கிய ஒளியும் சிதறி அறைகளுட் பரவும்.

இனி, இரவு விளக்கு. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் புகுமுன் அரிக்கேன் விளக்கைக் கையிலெடுத்து வேலை நடக்குமிடத்தில் வைத்தோம். பின்னர் விளக்கு உட்கூரையின் நடுவே நிலைபெற்றது. சுவரோரம் மேசையிட்டுப் படிக்கும் மாணவனுக்கு அது முதுகுப்புறம் அமைகிறது. அவன் தலைநிழலே அவன் ஏட்டின்மேல் விழுகிறது. கண் நோகிறதென்று தந்தையார் இன்னும் இரண்டு விளக்குகளை மேலே பதிக்கிறார்! வலக்கையால் எழுதுவோன் இடப்பக்கத்தே தாழ்ந்த சிறுவிளக்கு ஒன்று போதும் என்பது என் துணிபு. அத்தகையதொன்றை என் மேசைமேல் வைத்தபின், மேலுள்ள நான்கையும் நான் ஏற்றுவதில்லை.