வரவுக் கணக்கில் ஏறாத பிரிவு

எங்கள் தெருவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். தந்தை அபுதாபியில் கட்டுமானத் தொழிலாளி. அண்மையில் விடுப்பில் வந்த அவரைக் கண்டதும் அவள் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். மெல்லப் பழகி, தோளில் ஏறி அமரத் தொடங்கிய வாரத்தில் விடுப்பு முடிந்துவிட்டது. புறப்பட்ட அன்று அவள் அழவில்லை. மறுநாள் காலையில்தான் வீடெங்கும் தேடியிருக்கிறாள்.

அயல்நாட்டுப் பணவரவைப் பற்றி வகுப்பறையில் பல ஆண்டுகள் பேசியிருக்கிறேன். நாட்டின் வணிகப் பற்றாக்குறையில் கணிசமான பகுதியை அதுவே ஈடுசெய்கிறது. ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி அதில் தமிழகத்தின் பங்கு சுமார் 10.4 விழுக்காடு. இவ்வரவுக்கு எதிரே எழுதவேண்டிய செலவை நான் கற்பித்த பாடநூல்கள் எதிலும் கண்டதில்லை.

இப்பிரிவைக் குடும்பத்தின் விருப்பத் தேர்வு என்று தள்ளிவிட முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாத ஊதியம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாம் வேண்டும். சாதாரணக் கட்டடத் தொழிலாளிக்கு இது எட்டாத தொகை. வாட்ஸ்அப் காணொலி அழைப்புக்கும் அங்கே தடை. உரிமம் பெற்ற செயலிகளையே நாடவேண்டும்.

இலங்கை வேறு வழியில் முயன்றது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்ல 2013-இல் தடை விதித்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022-இல் அவ்வயதை இரண்டாகக் குறைத்தது. தந்தையருக்கு அப்படியொரு தடை இருந்ததே இல்லை. குழந்தையின் பெயரால் பெண்ணின் பிழைப்பை மட்டும் மறித்த அந்த விதியை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்யக்கூடியது எளியது. அமீரகச் சட்டம் ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு தருகிறது. ஆனால் பல நிறுவனங்கள் ஊர் வந்துபோகும் விமானச் சீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வழங்குகின்றன. ஆண்டுதோறும் சீட்டு என்பதைப் பணி ஒப்பந்தத்தின் கட்டாய விதியாக்க இந்தியா கோரலாம். தனியே கோரினால் வேலைவாய்ப்பு நேபாளத்துக்கோ வங்கதேசத்துக்கோ நகர்ந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. தொழிலாளரை அனுப்பும் ஆசிய நாடுகள் கூடிப் பேச 2003 முதல் 'கொழும்புச் செயல்முறை' என்ற அமைப்பு இருக்கிறது. அம்மூன்று நாடுகளும் அதன் உறுப்பினர்கள். இந்தக் கோரிக்கையை இந்தியா அங்கே எழுப்பட்டும்.