காரணம் சொல்லாமல் கதவடைக்கலாமா?

‘நாமஞ்சூர்’ என்ற மராத்திச் சொல்லை அறியாத தமிழன் புனேயில் இருக்க முடியாது. கட்கியிலும் தாபோடியிலும் தேஹு ரோட்டிலும் குடியிருக்கும் நம்மவர் ஒவ்வொருவர் வாழ்விலும், ஒரு முறையாவது, ஏதோ ஒரு மனுவின் தலையில் அந்தச் சொல் முத்திரையாக விழுந்திருக்கும். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று பொருள்.

இந்த ஊருக்கு நான் வந்த புதிதில் ரேஷன் கார்டுக்கு மனுப் போட்டேன். ஒரு மாதம் அலையவிட்டு, ‘நாமஞ்சூர்’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். சோர்ந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மராத்தியப் பெரியவர் சொன்னார்: “அண்ணா, முதலில் காரணத்தை எழுத்தில் வாங்கி வா. மற்றதைப் பிறகு பார்ப்போம்.” மறுநாள் போய்க் கேட்டேன். ‘வாடகை ரசீது இணைக்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரிடம் ரசீது வாங்கி இணைத்தேன். கார்டு கிடைத்தது.

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? எதைத் திருத்துவது, எதை இணைப்பது, யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் தவித்திருப்பேன். மறுப்பு வருவதில் வியப்பில்லை. காரணம் இல்லாமல் வரும் மறுப்புதான் மனிதனை ஊமையாக்குகிறது.

இன்று நான் எழுத வந்தது ரேஷன் கார்டைப் பற்றி அல்ல. நம் தமிழ்நாட்டிலேயே நாற்பது ஆண்டுகளாக அகதி என்ற பெயரோடு வாழும் இலங்கைத் தமிழரைப் பற்றி. நாடு கேட்டு அவர்கள் கொடுக்கும் மனுக்களைப் பற்றி.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 5-ஆம் பிரிவு பதிவு மூலமும், 6-ஆம் பிரிவு நீண்டகால வாசத்தின் மூலமும் ஒருவர் குடிமகனாக வழி சொல்கிறது. 14-ஆம் பிரிவு அந்த மனுக்களை ஏற்கவோ மறுக்கவோ அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதோடு நிற்கவில்லை. ஏற்றதற்கோ மறுத்ததற்கோ காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் அதே பிரிவு கூறுகிறது.

அதே சட்டத்தில் 15-ஏ என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. மைய அரசின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்டு மனுச் செய்யலாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தையும் மன்னிக்கலாம் என்கிறது அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏன் மறுத்தோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மறுத்தது தவறு என்று 30 நாளில் நீ நிரூபிக்கலாம்! கண்ணைக் கட்டிவிட்டு, ‘வழி திறந்துதானே இருக்கிறது, போ’ என்பது போல் இல்லையா?

இதற்கும் முன்னால் ஒரு வேலி உண்டு. 2003-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ எவரும் 5-ஆம் பிரிவிலோ 6-ஆம் பிரிவிலோ விண்ணப்பிக்க முடியாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 1983 ஜூலையில் கொழும்பு பற்றி எரிந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைக் கடந்தவன் எந்த அலுவலகத்தில் விசாவுக்கு வரிசையில் நின்றிருப்பான்?

யார் இவர்கள்?

முகாம்களில் இருப்போர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் உண்டு. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினரின் கதையைப் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம் நன்றாகவே புரிந்துகொள்வோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து காபித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் அழைத்துப்போன கூலிகளின் வழிவந்தவர்கள் இவர்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அந்நாடு செய்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பகிர்ந்தார்கள். ஆடு மாடு பிரிப்பது போல் மனிதரைப் பிரித்தார்கள் என்று அன்றே பலர் வருந்தியதுண்டு.

அதன்படி பல இலட்சம் பேர் இங்கே வந்து குடிமக்கள் ஆனார்கள். நீலகிரியில் இன்றும் வாழ்கிறார்கள். ஆனால் 1984-இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றது. வர வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிப்போயினர். கலவரத்துக்கு அஞ்சி மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்களோ, அகதி என்று முகாம் பதிவேட்டில் ஏறினார்கள். கப்பலில் வந்தவர் குடிமகன். உயிர் தப்ப வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. இருவரின் பாட்டனும் ஒரே ஊர்க்காரனாக இருக்கலாம்!

மதுரையில் கேட்ட நீதி

திருச்சி முகாம்களில் வாழ்ந்த இப்படிப்பட்ட 65 பேர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூன் 17-இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மனுதாரர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அவற்றைத் தாமதமின்றி மேலே அனுப்ப வேண்டும். மைய அரசு 16 வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. குடியுரிமையை நீதிமன்றமே தூக்கிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘மனுவைப் பார், பரிசீலனை செய், காலத்தோடு பதில் சொல்’ என்றுதான் சொன்னது. அவ்வளவுக்கே வழக்குப் போட வேண்டியிருந்தது. அதற்கே பத்தாண்டு பிடித்தது.

இன்னொரு வழக்கு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். அகதியின் மகள் என்பதால் மறுத்துவிட்டார்கள். ஆனால் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அவர் யாரிடமும் குடியுரிமை கேட்க வேண்டியதே இல்லை. 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில், 38-ஆவது வயதில், முதன்முதலாக வாக்களித்தார். அவரைப் போல் 1987-க்கு முன் முகாமில் பிறந்து, இன்றும் தம்மை அகதி என்றே எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

எதிர்வாதமும் உண்டு

‘140 கோடிப் பேர் வாழும் நாடு, வந்தவரையெல்லாம் வைத்துக்கொள்ள இது தர்மசாலையா?’ என்ற கேள்வி 2025 மே மாதம் உச்சநீதிமன்றத்திலேயே எழுந்தது. அது சிறைத்தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு. 1991-இல் திருப்பெரும்புதூரில் நடந்த கொடுமையையும் யாரும் மறந்துவிடவில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை மறுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் குற்றம் செய்தவனுக்காகக் குற்றமே அறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே கட்டாகக் கட்டி வைக்கலாமா? ஆளுக்கு ஆள் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதை எழுதுங்கள். பதில் சொல்ல இடம் கொடுங்கள். இதைத்தான் கேட்கிறோம்.

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆனாலும் நம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு குடிமகனுக்கு மட்டும் உரியதல்ல, மனிதனாகப் பிறந்த எவருக்கும் உரியது என்று 1996-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்களின் வழக்கு. அவர்களுடைய குடியுரிமை மனுக்களை உள்ளூர் அதிகாரிகள் முடக்கி வைக்கக் கூடாது, மைய அரசுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றும் அன்று உத்தரவானது.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டும் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து கனடாவுக்குப் போன சீக்கியர் சிலர் அகதி நிலை கேட்டார்கள். நேரில் விசாரிக்காமலே மறுத்தது அந்நாட்டு அரசு. அவர்கள் தொடுத்த வழக்கில், உயிர் சம்பந்தப்பட்ட மனுவை ஆளை நேரில் கேட்காமல் தள்ளுவது நீதியல்ல என்று 1985 ஏப்ரல் 4-இல் கனடா உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலிருந்து போனவர்களுக்கு அயல்நாட்டு நீதிமன்றம் கொடுத்த அந்த மரியாதையை, நம்மிடம் அடைக்கலம் வந்தவர்களுக்கு நாம் கொடுக்கக் கூடாதா?

மராட்டிய மண்ணின் பாடம்

நாம் வாழும் இந்த மாநிலமும் அகதிகளை அறியாத மண் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது கோலாப்பூருக்கு அருகே வலிவடேயில் சுமார் 5,000 போலந்து மக்கள் அடைக்கலம் பெற்றார்கள். நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்தவர்களுக்குப் பிம்ப்ரியில் முகாம் அமைந்தது. அன்று முகாமில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிம்ப்ரிச் சந்தையில் துணிக்கடையும் பாத்திரக்கடையும் வைத்து, நமக்குக் கடன் கொடுக்கும் நிலையில் இருக்கிறார்கள். குடியுரிமையைக் கொடுத்த பிறகு ‘அகதி’ என்ற சொல்லே அங்கே இல்லாமற்போயிற்று.

தமிழ்நாட்டு முகாம்களிலோ மூன்றாம் தலைமுறை பிறந்துவிட்டது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு சுமார் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, வீடு கட்டவும் படிப்புக்கும் வழிசெய்தது. முகாமின் பெயரையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டில் படித்துப் பட்டம் வாங்கும் பிள்ளை சர்க்கார் வேலைக்கு மனுப் போட முடியாது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டவரைத்தான் கணக்கில் எடுத்தது; இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. சிறைப் பயம் தீர்ந்தது. நாடற்ற நிலை தீரவில்லை.

நாம் கேட்பது என்ன?

மைய அரசிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கே நான்கு. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில், மனுதாரருக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். மறுபரிசீலனைக்கான 30 நாளை, கடிதம் அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். 1964 ஒப்பந்தத்துக்கு உரிய மலையகத் தமிழரைத் தனியே கணக்கெடுத்து, அன்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களை நீதிமன்றத்துக்கு அலையவிடாமல் குடிமக்கள் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்ப விரும்புவோர் தாமாகத் திரும்பட்டும். அதற்கு யாரும் தடையில்லை.

புனேத் தமிழர்களாகிய நம்மில் பாதிப்பேர் ஆபீஸில் கோப்பு எழுதியே வயிறு வளர்ப்பவர்கள். ஒரு மனு எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது, எந்தக் குறிப்பு அதைக் கொல்கிறது, எது பிழைக்க வைக்கிறது என்பது நமக்கு அத்துப்படி. விடுமுறைக்கு ஊர் போகும்போது, பக்கத்தில் ஒரு முகாம் இருந்தால் அரை நாள் போய் வாருங்கள். பிறப்புச் சான்றைத் தேடிக் கொடுங்கள். பழைய தோட்டத்துக் காகிதம் பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு மனுவை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு, அவர் மராத்தியரானாலும், ஒரு கடிதம் போடுங்கள்.

அன்று என் திண்ணையில் வந்து நின்ற அந்த மராத்தியப் பெரியவர் எனக்கு உறவுமில்லை, மொழியுமில்லை. அவர் சொன்ன புத்தியால்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்தக் கடனை நான் அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, காலமாகிவிட்டார். முகாமில் காத்திருப்பவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.