கப்பல் பயணமா? கூட யார் வருகிறார்கள் என்று பாருங்கள்!



சென்ற இதழில் ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி நீளமாகக் கடிதம் போட்டிருக்கிறார். "அக்கா, நீங்கள் நாலு தடவை உல்லாசக் கப்பலில் போனவர்களாமே! எங்கள் கல்யாண நாளுக்குச் சிங்கப்பூர் கப்பலில் போகலாம் என்கிறார் இவர். ஒன்பது மாதக் கைக்குழந்தை இருக்கிறது. மாமனாருக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டுக்கொள்கிறார். எந்தக் கப்பல் நல்ல கப்பல்? சென்னையிலிருந்தே போகிறதாமே, அது போதாதா? இன்னொன்று கேட்டால் சிரிக்கக் கூடாது. அங்கே புடவை கட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்று என்னையும் பலர் கேட்கிறார்கள். விளம்பரத்தில் எல்லாக் கப்பலும் நல்ல கப்பல்தான்! குடும்பத்தில் யார் ரொம்ப முடியாதவரோ, யார் ரொம்பச் சின்னவரோ, அவருக்கு ஒத்துக்கொள்ளும் கப்பல் எது என்று பார்க்க வேண்டும். நானும் முதல் தடவை விளக்கையும் நீச்சல் குளத்தையும் பார்த்து மயங்கித்தான் பணம் கட்டினேன். அப்புறம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் நம் சென்னைக் கப்பல். கோர்டிலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போக ஆரம்பித்தது. 2023 இல் இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். சுமார் 48,000 டன் கப்பல். 1990 இல் பிரான்ஸ் தேசத்தில் கட்டியது. அப்போது அது ராயல் கரீபியன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கப்பல். அதே கம்பெனிதான் இப்போது சிங்கப்பூரிலிருந்து மலை மாதிரிக் கப்பல்களை விடுகிறது. நாங்கள் 2023 இல் போன 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி ஸீஸ்' 2019 இல் கட்டியது, 1,69,000 டன்னுக்கு மேல். எம்ப்ரஸைப் போல் மூன்று கப்பலுக்கு மேல் சேர்ந்தால்தான் அது ஒன்று! அதில் கண்ணாடிக் கூண்டு ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலே 300 அடி உயரம் தூக்கிக் காட்டுகிறது. என் பையன் இறங்க மாட்டேன் என்றான். நான் ஏறவே மாட்டேன் என்றேன்.

சிங்கப்பூரிலிருந்து போகும் இன்னொரு கப்பல் 'கென்டிங் ட்ரீம்'. சுமார் 1,50,000 டன். ரிசார்ட்ஸ் வேர்ல்ட் கம்பெனி 2022 இலிருந்து நடத்துகிறது. நம்மவர்கள் நிறையப் பேர் முன்பு போன ஸ்டார் க்ரூஸ் கம்பெனியின் தாய்க் கம்பெனி அதே வருஷம் நொடித்துப் போனது நினைவிருக்கலாம். பெரிய பெயராயிற்றே என்று வருஷக் கணக்கில் முன்கூட்டியே முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்.

சாப்பாடு? இதில் சந்தேகமே இல்லை, வயிற்றுக்கு இதமானது நம் சென்னைக் கப்பல்தான். காலையில் இட்லி சாம்பார், சைவர்களுக்குத் தனி, ஜைனர்களுக்கும் தனி. கென்டிங் ட்ரீமிலும் சைவம், ஜைன உணவு, ஹலால் மூன்றுக்கும் ஏற்பாடு உண்டு. அமெரிக்கக் கப்பலில் பஃபேயில் பருப்பு, சாதம், ஒரு பனீர் கறி என்று இருந்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் என் மாமியார், "ஒரு வாய் ரசம் கிடைச்சா போதும்டி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடல் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கப்பல் குறைவாக ஆடும், சின்னது கொஞ்சம் கூடுதலாக ஆடும். மலாக்கா ஜலசந்தி இரண்டு பக்கமும் நிலம் காக்கும் கடல், அதனால் சிங்கப்பூர்ப் பயணத்தில் பெரும்பாலும் அலை தெரியாது. நம் வங்காள விரிகுடா அப்படியல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மாதங்கள் என்பது உங்களுக்கே தெரியும். தென்மேற்குப் பருவக் காற்றில் பம்பாய்ப் பக்கம் கடல் கொந்தளிக்கும்போதுதான் கப்பல் நம் பக்கம் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பார்த்துக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்ந்தால் எப்படியோ அப்படி. தலைசுற்றல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு விழுங்கிப் பிரயோஜனமில்லை, கிளம்பும் முன்பே போட வேண்டும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு. விளக்கை அணைத்தால் நம் வீட்டு ஸ்டோர் ரூம்தான், பகலா ராத்திரியா தெரியாது. சின்னஞ்சிறிசுகளுக்குச் சரி. வயதானவர்கள் நடு ராத்திரி எழுந்து திசை தெரியாமல் தடுமாறுவார்கள். அவர்களுக்கு ஜன்னல் அறையாவது எடுங்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில்.

இனி மாமனாரின் ஊசி விஷயம். இதற்காகத்தான் இந்த இதழில் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மாமியாருக்கும் சர்க்கரைதான். காலையும் மதியமும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். ஒரு சிங்கப்பூர்ப் பயணத்தில், விமானத்தில் மருந்துப் பையை என் மடியிலேயே வைத்திருந்தேன். துறைமுகத்துக்கு வந்ததும், "எதற்கு இத்தனை பை தூக்குகிறாய்" என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் கை ஓய்ந்து போய், பையைப் பெரிய சூட்கேஸில் திணித்துப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். அறை வாசலில் கொண்டு வந்து வைத்துவிடுவார்கள் என்று தெரியும். எப்போது வைப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை!

ஆயிரக்கணக்கான பெட்டிகள், சகோதரிகளே. நாம் மதியம் ஏறிவிடுகிறோம், பெட்டி சாயங்காலமோ ராத்திரியோதான் வரும். இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைக் கையில் வாங்கியபோதுதான் எனக்குச் சுரீரென்றது. இன்சுலினும் பெட்டியில், சர்க்கரை பார்க்கும் கருவியும் பெட்டியில்! "ஒரு வேளை போடாட்டா என்ன ஆயிடும்?" என்று சொல்லிக்கொண்டே அம்மா சாதத்தைப் பிசைந்துவிட்டார். கூட ஒரு குலோப்ஜாமூன் வேறு. காலையில் நாலு மணிக்கு எழுந்தவர், பசி. நான் எப்படித் தடுப்பேன்?

மூன்றரை மணிக்கு அம்மா தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தார். கண் செருகியது. கப்பல் டாக்டரிடம் போகலாம் என்றால், ஆளைப் பார்க்கவே 100 டாலருக்கு மேல் ஆகும் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் முதலில் வரவேற்பு மேஜைக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த பத்தாங்கிளாஸ் இங்கிலீஷில் "மதர், இன்சுலின், சூட்கேஸ்" என்று மூன்று வார்த்தைதான் வந்தது. அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஆளை அனுப்பி, கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்குள் தேடி, ஐந்து மணிக்கு முன் கொண்டு வந்து கொடுத்தாள். கருவியில் பார்த்தால் 340! ஊருக்குப் போன் போட்டு எங்கள் டாக்டரைக் கேட்டு, அவர் சொன்ன அளவு ஊசி போட்டு, ராத்திரி பத்து மணிக்கு 190 க்கு வந்த பிறகுதான் நான் பச்சைத் தண்ணீர் குடித்தேன். கப்பல் எப்போது கரையை விட்டது என்றுகூட நான் பார்க்கவில்லை. அம்மா என்னவோ, "அழாதே, சமுத்திரம் எங்கேயும் போயிடாது, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிறார்!

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரிக்கு: மருந்து, கருவி, டாக்டர் சீட்டு, ஒரு வேளைக்குப் பிஸ்கட், குழந்தைக்கு ஒரு நாளைக்கான பால்மாவும் துணியும் எல்லாம் உங்கள் தோள் பையில் இருக்கட்டும். யார் என்ன சொன்னாலும் கொடுக்காதீர்கள். அறையிலுள்ள குட்டிப் பெட்டி பல கப்பல்களில் நிஜ ஃபிரிட்ஜ் இல்லை, பானத்தைச் சில்லென்று வைக்கும், அவ்வளவுதான். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மருந்துக்கு ஃபிரிட்ஜ் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். உறைய மட்டும் விடக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி இருந்தால் முதல் பந்தியைக் கேளுங்கள். இரண்டாம் பந்தி எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும், ஊசி போடுகிறவருக்குச் சரிப்படாது. ஊரில் எடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸ் நடுக்கடலில் பெரும்பாலும் செல்லாது. பயண இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள், சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா என்று பாருங்கள்.

குழந்தை விஷயம். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். தொடர்ந்து பல நாள் கரை தொடாத பயணம் என்றால் ராயல் கரீபியனில் ஒரு வயது. உங்கள் குழந்தைக்கு ஒன்பது மாதம், மூன்று நாலு நாள் பயணத்துக்குத் தடையிருக்காது. அடுத்தது வயிற்றில் இருந்தால், பயணம் முடியும் நாளில் 24 வாரம் தாண்டக் கூடாது என்று பல கம்பெனிகளில் விதி. எலெக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எதையும் கொண்டு போக விட மாட்டார்கள், நெருப்புப் பயம். (ஒரு மாமி இண்டக்ஷன் அடுப்போடு வந்து, துறைமுகத்திலேயே பறிகொடுத்துவிட்டு அழுததை நான் கண்ணால் பார்த்தேன்.) பால் பாட்டிலுக்குக் கொதிநீர் அறைப் பணியாளரிடம் கேட்டால் கொண்டு வந்து தருவார். டயப்பர் போடும் குழந்தையைப் பெரிய நீச்சல் குளத்தில் இறக்க விட மாட்டார்கள். குழந்தைகள் கூடத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால், மூன்று வயதாகி, தானே கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைகளைத்தான் இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தைக்குக் கட்டணக் காப்பகம் சில பெரிய கப்பல்களில் மட்டும் உண்டு. பால்கனி அறை எடுத்தால் நாற்காலியைக் கைப்பிடிக் கம்பியிலிருந்து எட்டத் தள்ளி வையுங்கள். சாப்பாட்டுக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவும் வாந்தி பேதிக் கிருமி, வாசலில் வைத்திருக்கும் கைமருந்துக்கு அவ்வளவாகச் சாவதில்லை.

பணம். ஏஜெண்ட் சொல்லும் தொகை ஆளுக்கு, அதுவும் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில். அதன் மேல் துறைமுக வரி உண்டு, கைக்குழந்தைக்கும் உண்டு! டிப்ஸை நாமாகக் கொடுப்பதில்லை, அவர்களே எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் கப்பலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கும் மேல். நாலு பேர், நாலு ராத்திரி என்று பெருக்கிப் பாருங்கள், பகீரென்கும். பஃபேயில் தண்ணீரும் டீயும் இலவசம், பாட்டில் பானம் காசு, இண்டர்நெட் காசு, கரையில் இறங்கிச் சுற்றுவது காசு. நான் மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதையெல்லாம் வரிசையாக எழுதிக் கூட்டித்தான் வீட்டுக்காரரிடம் நீட்டுவேன். விமான டிக்கெட்டும் விசாவும் சேர்த்தால், சிங்கப்பூர்க் கப்பல் பல சமயம் சென்னைக் கப்பலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

விசா என்றதும் ஒன்று. கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி சிங்கப்பூருக்கே வருகிறது. ஆகவே ஒரே தடவை நுழையும் விசா உதவாது, பல தடவை நுழைவது வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும். கரையில் நீங்களாக டாக்ஸி பிடித்துச் சுற்றினால், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்புங்கள். கப்பல்காரர்களே கூட்டிப்போகும் பஸ் தாமதமானால் காத்திருப்பார்கள், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இத்தனையும் வைத்து என் யோசனை கேட்டால், சகோதரி, இந்தத் தடவை மாமனாரும் கைக்குழந்தையும் வருகிறார்கள், சென்னைக் கப்பலில் இரண்டு ராத்திரிப் பயணம் போய் வாருங்கள். விமானம் ஏற வேண்டாம், இந்தியத் துறைமுகத்துக்கு மட்டும் என்றால் விசாவும் வேண்டாம், மூன்று வேளையும் அவருக்குப் பழகிய சாப்பாடு. அறை மட்டும் நடுவில், ஜன்னலோடு. குழந்தைக்கு நாலு வயது ஆகட்டும், அப்போது சிங்கப்பூர்ப் பெரிய கப்பல். காசுக்கு அர்த்தம் இருக்கும்.

புடவையா? தாராளமாக! நாலு பயணத்திலும் நான் புடவைதான். விருந்து ராத்திரி காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனேன். இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகள் சரிகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பகலில் மேல்தளத்துக்குப் போகும்போது மட்டும் முந்தானைக்கு இரண்டு ஊக்கு கூடுதலாகக் குத்திக்கொள்ளுங்கள். காற்று அப்படி அடிக்கிறது!