நஷ்டம் சரக்குக்கா, நமக்கா?

2015 அக்டோபரில் துவரம்பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது வணிகப் பெருமக்களுக்கு மறந்திருக்காது. இன்னும் ஏறும் என்று கணக்குப் போட்டு மூட்டைகளை வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. அரசு இருப்பு வரம்பு விதித்தது, இறக்குமதி வந்தது, 2016-17 பருவத்தில் விளைச்சலும் அமோகம். 2017 தொடக்கத்தில் பல மண்டிகளில் விலை, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

இதுபோன்ற இழப்பை இருவர் இருவிதமாகச் சுமப்பதை எந்தக் கடைத்தெருவிலும் காணலாம். ஒருவர், "கணக்குத் தப்பிவிட்டது" என்கிறார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மிஞ்சிய பணத்தில் அரிசியோ எண்ணெயோ வாங்கிப் புரட்டுகிறார். மற்றவர், "நான் வியாபாரத்துக்கே லாயக்கில்லை" என்று எண்ணிவிடுகிறார். நஷ்டத்துக்கு விற்றால் தோற்றவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம்! மூட்டையில் வண்டு விழும்வரை காத்திருக்கிறார். வீட்டில் சொல்வதில்லை. மண்டியிலிருந்து போன் வந்தால் கடைப் பையனை எடுக்கச் சொல்கிறார். பாக்கியை மறைக்கக் கந்துவட்டிக்குப் போகிறார். பருப்பில் போனதைவிட வெட்கத்தில் போனதுதான் அதிகம். இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனவர்களும், அதனினும் கொடிய முடிவைத் தேடிக்கொண்டவர்களும் நம் தொழிலில் உண்டு.

நம் கணக்குப் புத்தகத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பேரேட்டில் கடை வேறு, கடைக்காரர் வேறு. நாம் போட்ட முதலைக்கூடக் கடை நமக்குத் தரவேண்டிய பாக்கியாகவே எழுதுகிறோம். பதிவு தவறினால் புத்தகத்தைக் கிழித்து எறிவதில்லை. திருத்தப் பதிவு போடுகிறோம். வித்தியாசம் பிடிபடாவிட்டால் அனாமத்துக் கணக்கில் நிறுத்திவைத்து, கண்டுபிடித்தபின் நேர் செய்கிறோம்.

ஜி.எஸ்.டி. சட்டமும் அப்படித்தான். ஒரு மாதக் கணக்கில் விட்டதைப் பின்வரும் மாதக் கணக்கில் திருத்தலாம். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாதவரை, நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை அதற்குக் காலம் உண்டு. வரி குறைந்ததில் மோசடி இல்லையென்றால் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. ஏமாற்றும் எண்ணம் இருந்தால் வரி எவ்வளவோ அவ்வளவும் அபராதம். ஜி.எஸ்.டி.யால் நமக்கு ஆயிரம் வருத்தம் இருக்கலாம். ஆனாலும் தவறியவர் வேறு, ஏமாற்றியவர் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது. நாம்தான் நம்மை அப்படிப் பார்ப்பதில்லை.

இதைச் சாக்காக வைத்து, "ஏதோ நடந்துவிட்டது" என்று கைகழுவுவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதவில்லை. எடை குறைந்திருந்தால் நிறைத்துத் தரவேண்டும். வாங்கிய கடனைக் கட்டவேண்டும். ஆனால் தன்னையே சதா திட்டிக்கொள்பவர் கணக்கைத் திறந்து பார்க்கவே அஞ்சுகிறார். அவரால் எதை நேர் செய்ய முடியும்?

மண்டிக்காரர் கடன் தருவது நம் நாணயத்தை நம்பி. நாணயம் என்பது நஷ்டமே படாதிருப்பது அன்று. "அண்ணாச்சி, இந்தத் தடவை மாட்டிக்கொண்டேன். வாரம் இவ்வளவு தருகிறேன்" என்று நேரில் போய்ச் சொல்லி, சொன்னபடி கொடுப்பவருக்குச் சரக்கு அநேகமாக நிற்பதில்லை. போனை எடுக்காதவருக்குத்தான் நிற்கிறது.

கடைப் பையன்கள் விஷயமும் இதுவே. பில்லில் ஒரு சைபர் விட்டதற்கு, "நீ எதற்கும் உதவாதவன்" என்று நாலு வாடிக்கையாளர் முன் கத்தினால், அடுத்த தவறை அவன் நம்மிடம் சொல்லமாட்டான். இருப்பு எடுக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

சங்கக் கூட்டங்களில் விலை நிலவரம் பேசுகிறோம், வரி பேசுகிறோம். கொள்முதலில் மாட்டிக்கொண்ட உறுப்பினர், மூத்த வணிகர் இருவரிடம் கணக்கைக் காட்டி யோசனை கேட்கவும், தேவையானால் அவர்கள் உடன்வந்து மண்டியில் தவணை பேசவும் ஓர் ஏற்பாடு வேண்டும். பெயர் வெளியே போகக்கூடாது. செயற்குழு இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொண்டால் நல்லது.