‘பயனர்’ என்ற சொல்லுக்குள் மறைக்கப்படும் தொழிலாளி

நாட்டின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் அண்மைக் காலமாக ஒரு பாடத்துக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. டிஜிட்டல் தயாரிப்புகளை வடிவமைத்து உருவாக்குவது எப்படி என்பதே அந்தப் பாடம். ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களிலும் தனியார் எம்பிஏ கல்லூரிகளிலும் பல்வேறு பெயர்களில் இது கற்பிக்கப்படுகிறது. கணக்கியலும் சந்தைப்படுத்தலும் படித்துவந்த மாணவர்கள் இப்போது செல்பேசிச் செயலியின் திரைகளை வரைகிறார்கள். நிரல் எழுதாமலேயே மாதிரிச் செயலியை உருவாக்கும் கருவிகளைப் பழகுகிறார்கள். ஒரே திரையின் இரு வடிவங்களை இரு குழுக்களிடம் காட்டி, எது அதிக விற்பனையைத் தருகிறது என்று அளக்கிறார்கள். நிரலையும் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரத் தொடங்கிவிட்டதால், இயங்கக்கூடிய செயலி ஒன்றை ஒரே பருவத்துக்குள் செய்து காட்டுவது வணிகவியல் மாணவருக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது.

இதனை எதிர்க்க வேண்டிய தேவை இடதுசாரிகளுக்கு இல்லை. வரவு செலவு அட்டவணைகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு மாணவர், ஒரு பொருளைத் தானே செய்து பார்ப்பது நல்ல கல்விதான். நமது கேள்வி வேறு. செயலியை வடிவமைக்கக் கற்பிக்கும் வகுப்பறையில், அந்தச் செயலியின் மறுமுனையில் உழைக்கும் மனிதரைப் பற்றி என்ன கற்பிக்கப்படுகிறது? பாடம் முழுவதும் ‘பயனர்’ என்ற சொல் ஆட்சி செய்கிறது. பயனரின் தேவை, பயனரின் அனுபவம், பயனரைத் தக்கவைத்தல் என்று பக்கம் பக்கமாக நீளும் அந்தப் பாடத்தில் தொழிலாளி என்ற சொல் அரிதாகவே தலைகாட்டுகிறது. வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டுபவர் அங்கே ‘விநியோகக் கூட்டாளி’ ஆகிறார். அல்லது திரையில் நகரும் ஒரு புள்ளியாகிறார்.

ஓர் எண் மாறியபோது

2023 ஏப்ரலில் தில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் பிளிங்கிட் நிறுவனத்தின் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரு விநியோகத்துக்குக் குறைந்தபட்சமாகக் கிடைத்துவந்த 25 ரூபாய், புதிய கணக்கீட்டு முறையில் 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டதே காரணம். நிறுவனத்தின் மொழியில் அது ஊதியக் குறைப்பு அல்ல. தூரத்தை அடிப்படையாகக் கொண்ட ‘புதிய கட்டமைப்பு’.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவு, தொழிலாளரின் ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் மாற்ற விரும்பும் நிர்வாகம் 21 நாட்கள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று விதித்தது. அந்த இடைவெளியில் சங்கம் கூடலாம், ஆட்சேபம் தெரிவிக்கலாம், தொழிலாளர் துறை தலையிடலாம். இந்திய உழைக்கும் வர்க்கம் நீண்ட போராட்டத்தால் பெற்ற உரிமை அது. செயலி நிறுவனத்தில் அதே ஊதிய மாற்றம் மென்பொருளின் ஒரு புதுப்பிப்பாக வந்து சேர்கிறது. எந்தத் தொழிலாளர் அலுவலரின் மேசைக்கும் அது போவதில்லை. அந்த எண்ணை முடிவு செய்த குழுவில் அமர்ந்திருப்பவர், தாம் ஊதியம் நிர்ணயிப்பதாக நினைப்பதில்லை. ஒரு ‘மாறி’யைச் சீரமைப்பதாகவே நினைக்கிறார். அப்படி நினைக்கவே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண் தொழிலாளர்கள் திரண்டெழுந்தபோதும் இதுவே வெளிப்பட்டது. தரகுத் தொகை, அபராதம், ரேட்டிங் விதிகள் ஆகியவற்றை எதிர்த்துப் போராடிய அந்தப் பெண்கள்மீது நிறுவனம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2023இல் ஐடி முடக்கத்தை எதிர்த்து அவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தனர். வாடிக்கையாளர் தரும் நட்சத்திரங்களின் சராசரி எவ்வளவு குறைந்தால் ஒரு பெண்ணின் பிழைப்பை முடக்கலாம் என்பதும் ஒரு வடிவமைப்பு முடிவுதான். விசாரணை, விளக்கம் கேட்டல், மேல்முறையீடு என்ற படிகளெல்லாம் அந்த வடிவமைப்பில் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனவே அவை இல்லை.

ஆகவே இந்த வகுப்பறையில் கற்பிக்கப்படுவது வெறும் தொழில்நுட்பத் திறன் என்று ஏற்க முடியாது. வேலை நேரம், கூலி, தண்டனை, பணிநீக்கம் ஆகியவற்றை எழுதும் அதிகாரம் அங்கே கைமாற்றப்படுகிறது. தொழிலாளர் சட்டத்தின் ஒரு பக்கத்தையேனும் படிக்காதவர்களிடம் அது ஒப்படைக்கப்படுகிறது.

பழைய மேலாண்மை, புதிய கருவி

இந்தக் கல்வியின் வேர்கள் ஆழமானவை. 1911இல் ஃபிரெடரிக் டெய்லர் தமது ‘அறிவியல் மேலாண்மை’யை முன்வைத்தார். வேலையைத் திட்டமிடும் மூளையை நிர்வாகத்திடமும், சொன்னதைச் செய்யும் கைகளைத் தொழிலாளியிடமும் பிரித்துவைப்பதே அதன் சாரம். 1914இல் லெனின், இம்முறை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குகிறது என்று அம்பலப்படுத்தினார். சிந்தித்தலையும் செய்தலையும் பிரிப்பதே முதலாளித்துவக் கட்டுப்பாட்டின் அடிப்படை என்பதை ஹாரி பிரேவர்மன் 1974இல் விரிவாக நிறுவினார். அன்று தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளரின் கையில் இருந்த நிறுத்தக் கடிகாரம், இன்று தொழிலாளி தம் சொந்தப் பணத்தில் வாங்கிய செல்பேசிக்குள் குடியேறியிருக்கிறது.

இந்தியாவில் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முதல் இரு ஐஐஎம்கள் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவோடும் அமெரிக்க வணிகப் பள்ளிகளின் வழிகாட்டுதலோடும் தொடங்கப்பட்டன. டிஜிட்டல் தயாரிப்புப் பாடமும் அமெரிக்காவையே முன்மாதிரியாகக் கொண்டது. 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 75 மாணவர்கள் பங்கேற்ற ஒரு வகுப்பு புகழ்பெற்றது. ஃபேஸ்புக் தளத்துக்கான சிறு செயலிகளை அவர்கள் உருவாக்கினர். பத்தே வாரங்களில் அச்செயலிகள் 1.6 கோடிப் பயனர்களை ஈர்த்தன. மனிதரின் நடத்தையைக் கணினியால் எப்படி மாற்றலாம் என்று ஆராய்ந்த ஆய்வகமே அந்த வகுப்பை நடத்தியது. மக்களுக்கு அச்செயலிகளால் என்ன பயன் என்பதைவிட, எத்தனை பேர் எவ்வளவு விரைவாகச் சிக்கினர் என்பதே வெற்றியின் அளவுகோலாயிற்று. அந்த அளவுகோல்தான் இன்று நமது வகுப்பறைகளிலும் பாடமாக நிற்கிறது.

நுகர்வோருக்கு உள்ள காப்புகூட இல்லை

சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற வாதத்தை ஒன்றிய அரசின் நடவடிக்கையே பொய்யாக்கியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், செயலிகளிலும் இணையதளங்களிலும் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்தன. ‘இன்னும் இரண்டே பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வாடிக்கையாளர் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, சந்தாவில் எளிதாகச் சேர்த்துவிட்டு வெளியேற முடியாமல் அடைப்பது, கட்டணத்தைக் கடைசித் திரையில் ஏற்றுவது ஆகியவை அவற்றில் சில. இத்தந்திரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வடிவமைத்தார், சோதித்தார், விற்பனை கூடியதைக் காட்டிப் பாராட்டும் பெற்றார்.

நுகர்வோரைக் காக்க ஒரு பட்டியலாவது வந்தது. தொழிலாளரை ஏமாற்றும் திரைகளைப் பட்டியலிட அரசு முன்வரவில்லை. ‘இன்னும் மூன்று ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை’ என்று ஆசை காட்டிவிட்டு இலக்கை நெருங்கும்போது ஆர்டரே வராமல் போவதாகத் தொழிலாளர்கள் நாடெங்கும் குற்றம்சாட்டுகிறார்கள். அந்தக் கணக்கு உண்மையா என்று சரிபார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கிக் தொழிலாளரை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை ஒரு நிதிக்குத் தந்தால் போதும் என்கிறது. குறைந்தபட்சக் கூலியோ, வேலை நேர வரம்போ, அல்காரிதத்தைக் கேள்வி கேட்கும் உரிமையோ அதில் இல்லை. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இத்தகைய தொழிலாளர் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. இத்தனை கோடி மனிதரின் பணி நிலைமையை வகுப்பறையில் பயிற்சி பெற்ற சில ஆயிரம் பேர் திரை வழியே தீர்மானிப்பதை ஜனநாயகம் என்று அழைக்க முடியுமா?

அரசின் செயலிகளும் விதிவிலக்கல்ல

தனியாரின் லாபவெறி மட்டுமே இதற்குக் காரணம் என்று நின்றுவிட முடியாது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2021 மே மாதம் அறிமுகப்படுத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட வருகைப் பதிவுச் செயலியை நினைவுகூர வேண்டும். பணித்தளத்தில் நாளுக்கு இருமுறை, இடக்குறியோடு கூடிய புகைப்படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. அதற்கான செல்பேசியை வாங்கும் சுமை பணித்தளப் பொறுப்பாளரான ஏழைப் பெண்ணின் தலையில் விழுந்தது. வேலையை முற்பகலிலேயே முடித்தவர்கள் இரண்டாவது படத்துக்காக மீண்டும் வரவேண்டியிருந்தது. சமிக்ஞை கிடைக்காத மலைக் கிராமங்களிலும் காட்டுப் பகுதிகளிலும், உழைத்த நாளுக்கான கூலி பறிபோனது. 2023 தொடக்கத்தில் தில்லி ஜந்தர் மந்தரில் ஊரகத் தொழிலாளர்கள் நீண்ட தர்ணா நடத்தி முறையிட்டனர். ஊழலை ஒழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட இச்செயலியில், படத்தையே படமெடுத்துப் பதிவேற்றும் மோசடிகள் நடப்பதை 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் ஒப்புக்கொண்டது.

இச்செயலியை வடிவமைத்தபோது, மண்வெட்டி பிடித்த ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை அவர் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உழைப்பவரைச் சந்தேகத்துக்குரியவராகவும், கண்காணிக்கப்பட வேண்டியவராகவும் பார்க்கும் அதே மேலாண்மைப் பார்வையே அரசின் செயலியையும் வடிவமைத்தது.

‘வேலை தருவோரை உருவாக்குகிறோம்’

இப்பாடத்தை ஆதரிப்போர் ஒரு வாதத்தை ஓயாமல் முன்வைக்கிறார்கள்: வேலை தேடுவோரை அல்ல, வேலை தருவோரை நாங்கள் உருவாக்குகிறோம் என்று. பாஜக ஆட்சியாளர்களின் மேடைகளில் இதுவே பல்லவி. அந்த வேலைகள் எப்படிப்பட்டவை என்பதை மேலே கண்டோம். புதிய தொழில்களில் பெரும்பகுதி மூடப்படுவதையும், எஞ்சுபவை துணிகர முதலீட்டு நிதியங்களின் கட்டளைப்படி நடப்பதையும் இந்த வாதம் மறைக்கிறது. பொதுக் கட்டமைப்பாக 2016இல் தொடங்கப்பட்ட யுபிஐ பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு மூலதனத்தின் பிடியில் உள்ள இரண்டு செயலிகளின் வழியே நடக்கிறது. ஒரு செயலிக்கு 30 சதவீதமே உச்சம் என்று 2020இல் அறிவிக்கப்பட்ட வரம்பு, திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டு 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. பொதுப்பணத்தில் சாலை போடப்படுகிறது. சுங்கச்சாவடியைத் தனியார் கைப்பற்றுகிறார்.

வகுப்பில் யார் அமர்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முன்னணி ஐஐஎம்களில் இரண்டாண்டுப் படிப்புக்கான கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. இவ்வளவு கடன் சுமந்து வெளிவரும் இளைஞரிடம் மனசாட்சியைக் கேட்பது எளிது. அதன்படி நடக்கும் சுதந்திரத்தை அந்தக் கடன் பறித்துவிடுகிறது. ஆசிரியர் பணியிடங்களில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் மிகச் சொற்பம் என்பதை நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதில்களே காட்டுகின்றன. ஆசிரியர் நியமன இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குக் கோரிய வரலாறும் இக்கழகங்களுக்கு உண்டு. உழைக்கும் மக்களின் வாழ்க்கையை அறிந்தவர்கள் வகுப்பறைக்குள் வர வழியில்லாதபோது, அந்த வாழ்க்கை பாடத்திலும் இடம்பெறாது.

வேறு வழி உண்டு

இப்படித்தான் கற்பிக்க முடியும் என்பதில்லை. மென்பொருள் உலகில் இன்றும் அடிப்படையாக விளங்கும் நிரலாக்க முறையின் முன்னோடிகளில் ஒருவரான நார்வேயின் கிரிஸ்டன் நைகார்ட், 1970களின் தொடக்கத்தில் இரும்பு–உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து வேலை செய்தார். கணினி வரும்போது அதன் வடிவமைப்பில் தொழிலாளருக்கும் குரல் வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். அதன் தொடர்ச்சியாக 1975இல் தொழிற்சங்க மையமும் முதலாளிகள் சங்கமும் கணினி அமைப்புகள் குறித்து ஒரு பொது உடன்பாடு கண்டன. பிரிட்டனின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள் 1976இல், ஆயுத உற்பத்திக்கு மாற்றாகச் சமூகத்துக்குப் பயன்படும் ஏறத்தாழ 150 பொருட்களுக்கான திட்டத்தைத் தாங்களே தயாரித்தனர். வடிவமைக்கும் அறிவு தொழிலாளரிடமும் உண்டு என்பதற்கு இவை சான்று.

நம் நாட்டிலும் தொடக்கங்கள் உண்டு. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 ஆகஸ்டில் தொடங்கிய ‘கேரள சவாரி’ வாடகை வண்டிச் சேவை, 8 சதவீதச் சேவைக் கட்டணத்தோடு வந்தது. அங்குள்ள அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் வழியே சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நிரலாக்கமும் அசைவூட்டமும் பயில்கிறார்கள். செயலித் தொழிலாளர் சங்கங்களின் தொடர் போராட்டத்தால் ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. பணிநீக்கத்துக்குக் காரணமும் 14 நாட்கள் முன்னறிவிப்பும் வேண்டும் என்கிறது கர்நாடகச் சட்டம். செயலி நிறுவனம் 1947இன் சட்டத்திலிருந்து தப்பித்து ஓடிய தூரத்தில் ஒரு பகுதியை இதன்மூலம் தொழிலாளர்கள் மீட்டிருக்கிறார்கள்.

நமது கோரிக்கைகள்

பொதுப்பணத்தில் நடக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் டிஜிட்டல் தயாரிப்பு வடிவமைப்பைக் கற்பிக்கும்போது, தொழிலாளர் சட்டத்தையும் நுகர்வோர் சட்டத்தையும் அதன் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். மாணவர் உருவாக்கும் ஒவ்வொரு செயலியும், அதனால் பாதிக்கப்படும் தொழிலாளர்களின் முன் வைத்து மதிப்பிடப்பட வேண்டும். அம்மதிப்பீட்டில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். மாணவர் செயல்திட்டங்களில் ஒரு பகுதி கூட்டுறவுச் சங்கங்கள், ஊராட்சிகள், அங்கன்வாடி ஊழியர் சங்கங்கள் ஆகியவற்றின் தேவைகளுக்காக ஒதுக்கப்பட வேண்டும். கட்டணங்கள் குறைக்கப்பட வேண்டும். ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். கூலியையும் பணிநீக்கத்தையும் தீர்மானிக்கும் அல்காரிதங்களின் விதிகள் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் வெளியிடப்பட வேண்டும். அவற்றை மாற்றுவதற்கு முன் சங்கத்தோடு பேச்சு நடத்துவது சட்டக் கடமையாக வேண்டும்.

இக்கோரிக்கைகளைப் பேராசிரியர்களின் நல்லெண்ணத்திடம் விட்டுவிட முடியாது. மாணவர் அமைப்புகள் இவற்றைத் தத்தம் வளாகங்களில் எழுப்ப வேண்டும். தொழிற்சங்கங்கள் அந்த வளாகங்களின் கதவைத் தட்ட வேண்டும். நாளை செயலி நிறுவனத்தில் மேலாளராகப் போகும் மாணவரும் ஓர் ஊழியர்தான். ஆட்குறைப்பு அலை வரும்போது அவரது ஐடியும் ஒரே இரவில் முடக்கப்படுகிறது. தாம் வடிவமைக்கும் திரைக்கு அப்பால் வண்டியோடு நிற்கும் தொழிலாளியோடு தமக்குள்ள இந்த உறவை அவர் உணரும்படி செய்வது, நம் காலத்தின் அமைப்புக் கட்டும் பணிகளில் ஒன்று.